ஒட்டுக்குன்றில் கேட்ட சொல்

ஒட்டுக்குன்று என்றால் திருத்தணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் "அங்க இன்னா கீது?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே கோயில் இல்லை, சுனை இல்லை, செல்போன் டவர்கூட இல்லை. ஊருக்கு மேற்கே ஆர்.கே.பேட்டை பக்கமாக ஓடும் மலைவரிசையில் உயரமான இடத்தை தீபக்குன்று என்போம். கார்த்திகைக்கு அதன் மேல் கொப்பரை வைத்து விளக்கேற்றுவார்கள் என்பதால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த உச்சியிலிருந்து மலை முதுகின் மேலேயே வடக்கே நடந்தால், தரை கொஞ்சம் இறங்கி, திரும்பவும் ஏறி, ஒரு மொட்டைப் பாறையில் போய் முடியும். அதுதான் ஒட்டுக்குன்று. தீபக்குன்றைவிட இரண்டு தென்னை உயரம் குறைவு. ஊருக்குள் நின்று பார்த்தால் தனியாகத் தெரியாது.

எனக்கு அது தெரிந்தது ரயிலில். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மெஷினுக்கு மை வாங்க மாதம் ஒருமுறை சென்னை போய் வருவேன். ஒருநாள் காலை, திரும்பி வரும்போது மணவூர் தாண்டியதும் ஜன்னலில் மலைவரிசை தெரிந்தது. வெயில் சாய்வாக விழுந்ததால் தீபக்குன்றின் தோளுக்குப் பின்னால் இன்னொரு மண்டை எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அதைப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. அரக்கோணம் வருவதற்குள் செல்போன் வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு மலைப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் எதையும் அளவாகச் செய்கிற ஆள் இல்லை. நடை மலையேற்றமாயிற்று, மலையேற்றம் பெருமையாயிற்று. ஏறின குன்றுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு, யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒட்டுக்குன்றை ஊரில் யாரும் படம் எடுத்துப் போட்டதில்லை. அது எனக்காகவே வைத்தது போல இருந்தது.

துணைக்கு பாவாவைக் கூப்பிட்டேன். பாவா என் அக்காவின் வீட்டுக்காரர். நகரிக்காரர், தெலுங்குக் குடும்பம். கல்யாணமான பிறகு இங்கேயே குடிவந்து, ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தறிக்கூடங்களில் பவர்லூம் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்களோடு தமிழில்தான் பேசுவார். சந்தோஷமோ கோபமோ அவசரமோ கொஞ்சம் கூடினால் தெலுங்கு வந்துவிடும். என்னை நைனா என்பார். அப்பாவைக் கூப்பிடுகிற சொல்தான். சின்னவர்களைச் செல்லமாகக் கூப்பிடவும் அதையே சொல்வார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்பினோம். ஒரு பையில் தண்ணீர், இரண்டு கமலா ஆரஞ்சு, நான்கு கடலை மிட்டாய். பை என்னிடம் இருந்தது. பாவா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் புது ஷூ. அவர் செருப்பைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல்.

வழி நெடுக பேசிக்கொண்டே வந்தார். எந்தச் செடி ஆட்டுக்கு ஆகாது, எந்தப் பாறையில் தேன் கட்டும் என்று ஓயாத பேச்சு. தீபக்குன்றின் உச்சிக்கு வந்து, விளக்கேற்றும் மேடை மேல் நின்று, நான் வடக்கே கையைக் காட்டினேன். அதுதான் ஒட்டுக்குன்று, வரைபடத்தில் நான் கண்டுபிடித்தது, ஊரில் யாருக்கும் தெரியாது என்றேன். பாவா நெற்றிக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"தோ, ஆட்டுப் புழுக்கை இங்கேர்ந்தே அந்தப் பக்கமா போய்க்கினு கீது. உனக்கு மின்னாடியே ஆடு கண்டுபுடிச்சிடுச்சி நைனா" என்றார்.

நல்ல கிண்டல்தான். இன்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இரண்டு குன்றுக்கும் நடுவில் மலைமுதுகு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். இருபக்கமும் முட்புதர், காய்ந்த புல். தாழ்ந்த இடம் வரும்போது பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி மேலே ஏறுகிறது. நேராகப் போனால் சரளைக்கல் கொட்டிய சரிவு. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததால் எனக்கு அது தெரியும். நான் பாறை அருகே போனபோது பின்னால் பாவாவின் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, வாரைத் துளைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலேயே குரல் கொடுத்தார்.

"உண்டு நைனா."

இந்த இடத்தை நான் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். தெலுங்கில் 'உண்டு' என்றால் இரு, நில் என்று பொருள். தமிழில் 'இருக்கிறது' என்று பொருள். நான் பிறந்து வளர்ந்த தெருவில் பாதி தெலுங்கு வீடுகள். தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும்போதே அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். பாவா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. காற்றுகூட அடிக்கவில்லை. அவர் நிற்கச் சொன்னார். எனக்குப் புரிந்தது. நான் நிற்கவில்லை.

பத்து நிமிடம் முன்னால் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த உச்சியில் கொஞ்ச நேரம் நான் மட்டும் நிற்க வேண்டும், அவர் கிண்டல் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவ்வளவு அற்பமான ஆசை. பாறையைச் சுற்றி மேலே ஏறிவிட்டேன்.

ஒட்டுக்குன்றின் உச்சி ஒரு கல்யாணப் பந்தி உட்காரும் அளவு பாறை. நகரி மலைகள் தெரிந்தன, ரயில் பாதை தெரிந்தது, நம் கோயில் மலை பின்னால் சின்னதாகத் தெரிந்தது. பதினொரு படம் எடுத்தேன். பாவா கூப்பிடும் சத்தம் ஒருமுறை கேட்டது, இன்னொரு முறையும் கேட்டது. வரட்டும் என்று உட்கார்ந்தேன். பசித்தது. ஒரு ஆரஞ்சைத் தின்றேன். அவர் இன்னும் வரவில்லை என்றதும், அவருடையதையும் உரித்துத் தின்றேன். அந்த இரண்டாவது ஆரஞ்சு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

பிறகுதான் ஏதோ சரியில்லை என்று இறங்கினேன். பாவா சரிவின் அடியில் கிடந்தார். என்னைக் காணோம் என்று நேர்வழியில் ஓடி வந்திருக்கிறார். திணித்து வைத்த வார் திரும்பவும் பிய்ந்து, சரளையில் சறுக்கி, ஒரு பள்ளத்தில் இடது கால் மாட்டிக்கொண்டது. பாதம் பார்க்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"உண்டுன்னேனே நைனா."

திட்டவில்லை. அடிபட்ட பிள்ளை கேட்பது போலக் கேட்டார். அந்தக் குரலைத் தாங்க முடியாமல் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. யோசித்துச் சொன்னேன் என்றுகூட இல்லை.

"வழி கீதான்னு நான் கேட்டேன் பாவா. நீங்க உண்டுன்னீங்க. சரி, வழி கீதுன்றாருன்னு போயிட்டேன்."

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். அவ்வளவு வலியிலும் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் வேண்டுமென்று விட்டுப் போகவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு வந்த நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. நான் தப்பித்துவிட்டேன் என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

புல் அறுக்க வந்த இரண்டு பேர் உதவியோடு அவரை முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கினோம். என்ன ஆச்சு என்று அவர்கள் கேட்டதும் பாவாவே கதையைச் சொன்னார். நான் தெலுங்கில் சொன்னேன், இவன் தமிழில் கேட்டான் என்று. அவர்களும் சிரித்தார்கள். அரக்கோணத்தில் எலும்பு டாக்டரிடம் சொன்னார், கட்டுப் போட்ட நர்ஸிடம் சொன்னார், பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னார். அக்கா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் அவளும் ஒரே தெருவில் விளையாடியவர்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பதினொரு படத்தையும் அழித்தேன்.

கணுக்காலில் தகடு வைத்தார்கள். ஆனால் பழையபடி ஆகவில்லை. குந்த முடியாமல் போனதால் தறிக்கு அடியில் உட்காரும் வேலை போயிற்று. இப்போது ஒரு தறிக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தோளில் ஏந்திப் படியேறிக்கொண்டிருந்தவர், இப்போது மலைப்பாதையில் ஆட்டோவில் போகிறார். காவடியை மடியில் குறுக்காக வைத்துக்கொள்வார். மயிலிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டோவைப் பிடித்துக்கொடுப்பது ஒவ்வொரு வருடமும் நான்தான்.

கால் ஒரு பக்கம். இன்னொன்று நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்திருந்த நாட்களில், தப்பு தன்னுடையதுதான் என்று பாவா முடிவு செய்துவிட்டார். தமிழ் ஆளிடம் தெலுங்கில் கத்தினால் அவன் என்ன செய்வான் என்று அவரே எனக்காக வாதாடினார். அப்போது அவர் மகளுக்கு நான்கு வயது. இரண்டு பாஷையும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் அவள் வாயில் தப்பான பாஷை வந்து, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தார். இனி வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அக்காவிடம்கூட அவர் தெலுங்கு பேசுவதை நிறுத்தினார். என்னை நைனா என்பதும் நின்று, தம்பி என்றாகிவிட்டது. முதல்முறை அப்படிக் கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதிலுக்கு நல்லவனாக நடந்துகொண்டேன். அக்கா மகள் எனக்கு மருமகள்; அவளுடைய பள்ளி வேலைக்கெல்லாம் கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பாவா வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்க ஓடினேன். அக்கம்பக்கத்தில், மச்சான் என்றால் இவன்தான் மச்சான் என்று சொன்னார்கள். கேட்கும்போது கூசும். மறுநாளும் போய் ஏதாவது தூக்கி வைப்பேன். இப்படியே எட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன தை மாதம் பாவாவுடைய அக்கா மகனுக்கு நகரியில் கல்யாணம். எல்லோரும் போயிருந்தோம். மருமகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் வயதுப் பெண்கள் ஐந்தாறு பேர் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ ரகசியம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். அவளுடைய அத்தை, அதாவது மணமகனின் அம்மா, வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் பாவாவிடம் திரும்பி, என் தம்பி பொண்ணு என்னை விருந்தாளி மாதிரி பார்க்கிறாள் என்று தெலுங்கில் சொன்னார். விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

பாவா உடனே அதற்குக் காரணமாக ஒட்டுக்குன்றுக் கதையை எடுத்தார். தன் அக்கா முன்னால் தெலுங்கிலேயே சொன்னார். அவர் தெலுங்கு பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. செருப்பு வாரிலிருந்து ஆரம்பித்து, நான் கேட்காத கேள்வியை என் குரலிலேயே பேசிக் காட்டி, கடைசியில் தன் காலைத் தூக்கிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வரும் பேருந்தில் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  நகரி தாண்டியதும் கேட்டாள், அன்றைக்கு நான் அப்பாவிடம் சரியாக என்ன கேட்டேன் என்று. வழி கீதா என்று கேட்டேன் என்றேன்.

"கீதான்னு கேட்டா கீதுன்னுதான சொல்லுவாங்க? உண்டுன்னு நம்ம ஊட்ல யாரும் பேசறதில்லியே மாமா. தமிழ் புக்லதான் வரும்."

எட்டு வருடமாக இத்தனை பெரியவர்கள் கேட்டுச் சிரித்த கதையில் ஓட்டையை அவள்தான் பார்த்தாள். காற்றில் ஏதோ அப்படிக் கேட்டது என்று முணுமுணுத்தேன். அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஓ என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா மட்டும் அன்னிக்கி தமிழ்ல சொல்லியிருந்தா, நானும் இன்னிக்கி அவங்ககூட தெலுங்குல பேசிகினு இருந்திருப்பேன்."

 பாவா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டது போய், இப்போது அவர் மகளும் அவரைக் குற்றம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இதை இவள் நாளைக்கு வளர்ந்து, தன் பிள்ளைகளிடமும் சொல்வாள். என் சின்னப் புத்தி அந்த மனிதரின் பெயரில் நிலைத்துவிடும்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். பாவா வாசல் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, தறியில் நூலோடு இங்குமங்கும் ஓடும் நாடாக்கட்டை ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்கா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது திரைச்சீலை வழியாகத் தெரிந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. ஆரஞ்சிலிருந்து ஆரம்பித்தேன், பின்னால் போனேன், கிண்டலில் கோபம் வந்ததைச் சொன்னேன். முடித்த பிறகும் அவர் நாடாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேக்கவே இல்லியா?" என்றார்.

"இல்ல பாவா."

"நான் சொன்னது உனக்கு வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் சரியாத்தான் சொல்லிக்கீறேன்" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்க்கும் தைரியத்தில் இல்லை.

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் பாதி பின்னிய தலையோடு, ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பாவா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, எட்டு வருடம் கழித்து அவளிடம் தன் பாஷையில் பேசினார்.

"தப்பு நாதி காதும்மா."

அவளுக்குத் தப்பு என்ற சொல் மட்டும் பிடிபட்டது. காது என்றதும் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், கம்மல் கழன்றுவிட்டதோ என்று. தெலுங்கில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். அவர் திரும்பவும் அதையே சொன்னார். அவள் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே அக்கா எழுந்து திரைச்சீலை ஓரம் வந்து நின்றாள்.

"அப்பா இன்னா சொல்றாரு மாமா?"

"தப்பு அவருது இல்லியாம்."

"இன்னா தப்பு? அப்ப யாருது?"

 பாவா அவள் கையை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுது என்றேன். எது என்று அவள் கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, செருப்பு வார் பிய்ந்த இடத்திலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.